கடலூரில் புது வீடு: சுவர் முழுக்க வார்ட்ரோப் அடிப்பதா, கடப்பா கல் ஷெல்ஃப் போதுமா?

கெடிலக்கரை

வணக்கம். கோண்டூர் பக்கம் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். தரைத்தளம் மட்டும்தான், இரண்டு படுக்கையறை, ஹால், சமையலறை, சமையலறையை ஒட்டி 6-க்கு 5 அடியில் ஒரு ஸ்டோர் ரூம், வெளியே மொட்டைமாடிக்குப் போகும் படி. பூச்சு வேலை முடிந்து பத்து நாள் ஆகிறது. அடுத்து தரைக்கு டைல்ஸ், அப்புறம் அலமாரி. அங்கேதான் வீட்டில் பேச்சு முற்றியிருக்கிறது.

இன்டீரியர் செய்பவர்கள் வந்து அளந்துகொண்டு போய், கம்ப்யூட்டரில் படம் போட்டு அனுப்பினார்கள். இரண்டு அறையிலும் ஒரு சுவர் முழுக்க, தரையிலிருந்து சீலிங் வரை வார்ட்ரோப், தள்ளுகதவு, கதவைத் தள்ளினால் உள்ளே விளக்கு எரியும். சமையலறையும் சேர்த்து 4,60,000 ரூபாய். பொருள் எச்டிஎச்எம்ஆர் போர்டு என்று எழுதியிருக்கிறது. அது என்னவென்று கேட்டால் "தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது மேடம்" என்பதோடு பதில் முடிந்துவிடுகிறது. கணவருக்கு அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து வேறெதுவும் பிடிக்கவில்லை. மாமியாரோ, "கடப்பா கல் நாலு வரிசை பதித்து, முன்னால் கதவு போட்டால் தீர்ந்தது, முப்பது வருஷத்துக்கு அசையாது" என்கிறார். கொத்தனார் மாமியார் கட்சி.

வைக்க வேண்டியது என்று பார்த்தால், பித்தளை அண்டா இரண்டு, கொலு பொம்மை மூன்று பெட்டி, கொலுப்படி, விருந்தாளிகளுக்கான மெத்தையும் பாயும், அறுவடைக்கு அறுவடை ஊரிலிருந்து வரும் அரிசி மூட்டை, என் பட்டுப்புடவைகள், மகளுடைய பள்ளிச் சாமான், ஒரு பழைய இரும்பு பீரோ (இதை மாமியார் விட மாட்டார், நானும் கேட்கப் போவதில்லை). பெரிய அறையில் வார்ட்ரோப் வருவது வடக்குச் சுவரில். அது வெளிச்சுவர்.

கடற்கரைக் காற்றில் இது எல்லாம் எத்தனை நாள் தாங்கும்? இந்தப் பக்கம் வீடு கட்டி நாலைந்து மழைக்காலம் பார்த்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

முத்தியால்பேட்டை

வடக்குச் சுவர் என்று படித்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். தோழி, அதை மட்டும் செய்யாதீர்கள்.

புதுச்சேரியில் எங்கள் வீட்டிலும் இதே கதைதான். வடக்குப் பார்த்த வெளிச்சுவரில் எட்டடி நீளத்துக்கு வார்ட்ரோப், பின்பலகை சுவரோடு ஒட்டி, ஆணி அடித்து, இடுக்கெல்லாம் சிலிகான் வைத்து அடைத்தார்கள். முதல் வருஷம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது ஐப்பசியில் கதவைத் திறந்தால் பழைய கோணிப்பை வாசனை. நமக்கு மழை வடகிழக்கிலிருந்து வருகிறது. வடக்குச் சுவரும் கிழக்குச் சுவரும் மூன்று மாதம் சாரலில் நனைந்துகொண்டே இருக்கும், வெயிலும் அப்போது சரியாகப் படாது. அந்த ஓதம் உள்ளே வர, காய வழியில்லாமல் பலகைக்குப் பின்னாலேயே தங்கிவிடுகிறது. என் கல்யாணப் புடவையின் மடிப்பில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை. நான் அன்று அழுததைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

என் தாத்தா வீட்டில் ஒன்றரை அடிச் சுவரிலேயே அலமாரி இருந்தது, விளக்குக்கு மாடம் இருந்தது, அதில் ஒன்றும் பூஞ்சை பிடித்ததில்லையே என்று நானும் கேட்டேன். அது சுண்ணாம்புச் சுவர். ஈரத்தை வாங்கினால் திரும்ப வெளியே விட்டுவிடும். அலமாரிக் கதவும் இரண்டு தேக்குப் பலகை, நடுவில் விரல் நுழையும் இடைவெளி. நாம் இப்போது சிமெண்ட் பூசி, அதன் மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்து, கதவுக்கு ரப்பர் பட்டையும் வைத்து, காற்றே நுழையாமல் மூடிவிட்டு, ஏன் நாறுகிறது என்று கேட்கிறோம்.

இரண்டு படுக்கையறைக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்குமே, அந்த உள்சுவருக்கு வார்ட்ரோபை மாற்றுங்கள். முடியாவிட்டால் சுவருக்கும் பின்பலகைக்கும் நடுவில் ஓர் இன்ச்சாவது விட்டு, கதவில் மேலேயும் கீழேயும் காற்றுத் துளை வைக்கச் சொல்லுங்கள்.

அளவு விஷயத்தில், படத்தில் இருக்கிற அழகான கட்டங்களை நம்ப வேண்டாம். ஹேங்கர் 17, 18 இன்ச் அகலம் இருக்கும், அதனால் உள்ளே 22 இன்ச் ஆழம் இல்லையென்றால் கதவு சட்டையின் தோளைக் கடிக்கும். சட்டை தொங்க 40 இன்ச் உயரம் போதும், ஏழடி வார்ட்ரோபில் மேலும் கீழுமாக இரண்டு கம்பி வந்துவிடும். நைட்டி, நீளமான சுடிதார் என்றால் ஐந்தடி வேண்டும், ஆனால் அதற்கு ஒரு பத்தி போதும். மடித்து வைக்கும் ஷெல்ஃப் 10 முதல் 12 இன்ச் உயரத்துக்கு மேல் வேண்டாம். 18 இன்ச் வைத்தார்கள் எனக்கு; இருபது புடவையை அடுக்கி, அடியில் இருப்பதை இழுத்தால் மொத்தமும் சரியும்.

பட்டுக்கு அந்துருண்டை போடாதீர்கள், ஜரிகை கறுக்கும். பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி வைத்து, மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றிப் போட்டால் போதும். கைக்குழந்தை துணி இருக்கும் அலமாரியில் அந்துருண்டை கூடவே கூடாது. ஜி6பிடி நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீனால் இரத்த அணுக்கள் உடையும். அந்தக் குறை இருப்பது பல வீட்டில் முன்கூட்டித் தெரிவதும் இல்லை.

உளிச்சத்தம்

நெல்லிக்குப்பத்தில் தச்சு வேலை. அப்பா காலத்திலிருந்து இதுதான் தொழில். மேலே அக்கா சொன்னது எல்லாம் சரி, கொஞ்சம் பொருள் பக்கம் மட்டும் சொல்கிறேன்.

எச்டிஎச்எம்ஆர் என்பது மரநாரைப் பசை சேர்த்து அழுத்திய பலகை. எம்டிஎஃப், பார்ட்டிகிள் போர்டு இரண்டையும்விட அடர்த்தி, ஈரக்காற்றைத் தாங்கும். தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது என்பது வியாபாரப் பேச்சு. அறுத்த விளிம்பில் டேப் சரியாக ஒட்டாத இடத்தில் தினமும் மாப் தண்ணீர் பட்டால், அங்கிருந்து உப்ப ஆரம்பிக்கும். கெட்ட பொருள் என்று சொல்ல மாட்டேன், கதவுக்கு நன்றாகவே இருக்கும், வளையாது. அடிப்பாகத்துக்கும் சிங்க் அடியிலும் நான் அதைப் போட மாட்டேன். அங்கே 710 பிளை, அதாவது தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட். பலகையிலேயே ஐஎஸ்ஐ முத்திரையும் 710 என்ற எண்ணும் அச்சடித்திருக்கும், ஒட்டுவதற்கு முன் நீங்களே நின்று பாருங்கள், மைக்கா ஒட்டிய பிறகு கடவுளுக்குத்தான் தெரியும். மற்ற இடத்துக்கு 303 எண் பிளையில் பிடபிள்யூஆர் (கொதிநீர் தாங்கும் ரகம்) என்று போட்டது போதும். எம்ஆர் (ஈரப்பதம் மட்டும் தாங்கும் ரகம்) என்று மட்டும் போட்டிருந்தால் நம் கடலோரத்துக்கு அது வேண்டாம்.

18 எம்எம் பலகையாக இருந்தாலும் ஒரு ஷெல்ஃப் மூன்றடிக்கு மேல் நீளம் போகக் கூடாது, நடுவில் தாங்கல் வேண்டும். படத்தில் நாலரை அடி நீளத்துக்கு ஒரே பலகை காட்டுவார்கள், பார்க்க எடுப்பாகத்தான் இருக்கும். புத்தகம் அடுக்கி ஒரு வருஷம் கழித்துப் பாருங்கள், தொட்டில் மாதிரி தொங்கும்.

கடப்பா கல்லை நான் குறை சொல்ல மாட்டேன், என் பிழைப்பைக் கெடுக்கிற கல் என்றாலும். கரையான் தின்னாது, உப்பாது, அண்டா வைத்தாலும் அசையாது. ஸ்டோர் ரூம், சமையல் மேடையின் அடி, இரண்டுக்கும் கடப்பா கல்தான் சரி. அம்மா சொல்வதைக் கேளுங்கள். படுக்கையறைக்கு மட்டும் வேண்டாம். ஒருமுறை சுவரில் பதித்துவிட்டால் உயரத்தை மாற்ற முடியாது. பாப்பாவுக்கு இன்று வேண்டிய உயரம் வேறு, பத்து வருஷம் கழித்து வேறு. டிராயர் வைப்பதும் கஷ்டம். விளிம்பை வழவழப்பாகத் தேய்க்காமல் விட்டால் புடவை நூலை இழுக்கும். மழைக்காலத்தில் கல் ஜில்லென்று இருக்கும், அதன் மேல் துணியை நேராக வைத்தால் நமுத்த வாசனை வரும்.

தள்ளுகதவு பற்றி அண்ணன் மனசு நோகாமல் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இரண்டு கதவும் ஒன்றன் முன் ஒன்றாக ஓட வேண்டுமென்பதால் மொத்த ஆழம் 26 இன்ச் போய்விடும். எப்போது திறந்தாலும் பாதி அலமாரிதான் தெரியும். அடித் தண்டவாளத்தில் மணல் சேரும், நம் ஊரில் மணலுக்கா பஞ்சம். கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் இரண்டரை அடிகூட இல்லை என்றால் தள்ளுகதவு போடுங்கள், வேறு வழியில்லை. இடம் இருந்தால் கீல் வைத்த கதவுதான். ஒரு கதவு 18 இன்ச்சுக்கு மேல் அகலம் வேண்டாம், பாரத்தில் தொங்கும். கீல் 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கேளுங்கள். சாதா கீல் உப்புக்காற்றில் முதலில் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும், பிறகு கதவு கத்தும்.

சீலிங் வரை ஒரே பெட்டியாக அடிக்காமல், ஏழடியில் நிறுத்தி, மேலே பரணுக்குத் தனிக் கதவு. லிண்டல் மட்டத்தில் கான்கிரீட் பரண் ஏற்கெனவே போட்டிருந்தால் அதற்குக் கதவு மட்டும் போதும், அங்கேயே நல்ல காசு மிச்சம்.

அவசரமான ஒன்று. டைல்ஸ் போடுவதற்கு முன் அலமாரி வரும் இடத்திலெல்லாம் நாலு இன்ச் உயரத்துக்குச் செங்கல் மேடை கட்டி, அதன் முகத்திலும் டைல்ஸ் ஒட்டச் சொல்லுங்கள். பலகை அந்த மேடை மேல் உட்காரட்டும். வீடு கழுவும் தண்ணீர் பலகையைத் தொடாது. டைல்ஸ் முடிந்த பிறகு சொன்னால் கொத்தனார் தனிக்கூலி கேட்பார். அப்புறம், பூசிப் பத்து நாள் ஆன சுவரில் பலகை அடிக்க யார் வந்தாலும் விடாதீர்கள். நன்றாகக் காயட்டும்.

பாதிபீரோ

எல்லாரும் பலகையைப் பற்றியே பேசுகிறீர்கள். இருப்பதில் பாதியைக் கொடுத்துவிடுங்கள், பழைய பீரோவே போதும். நாங்கள் அப்படித்தான் லாஸ்பேட்டையில் ஒரே பீரோவோடு இருக்கிறோம்.

கெடிலக்கரை

பாதிபீரோ சார், எதைக் கொடுப்பது என்று என் மாமியாரிடம் நீங்களே வந்து சொல்லுங்கள், காபி போட்டுத் தருகிறேன். அண்டா அவர்களுடைய அம்மா வீட்டுச் சீர். அரிசி எங்கள் நிலத்து அரிசி. கொலு வருஷத்தில் பத்து நாள்தான், ஆனால் அந்தப் பத்து நாளுக்காக மீதி நாளெல்லாம் அது எங்கேயாவது இருந்துதானே ஆக வேண்டும்?

பாதிபீரோ

காபிக்கு வருகிறேன். அண்டாவைப் பற்றி வாயைத் திறக்க மாட்டேன்.

பெண்ணையாற்று நண்டு

எனக்கு ஊர் குண்டு உப்பலவாடி. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தது, காற்று போயிற்று, தப்பித்தோம் என்று படுத்தோம். அப்புறம்தான் சாத்தனூர் அணையில் தண்ணீர் திறந்துவிட்டு, தென்பெண்ணை வீட்டுக்குள் வந்தது. எங்கள் தெருவில் இடுப்பளவு. உங்களுக்குப் பெண்ணை இல்லை, கெடிலம் இருக்கிறது. 2015 வெள்ளத்தைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

நான் சொல்ல வந்தது, அலமாரியில் எது எந்த உயரத்தில் என்பது. எங்கள் வீட்டில் முக்கியமான காகிதமெல்லாம் கீழ் டிராயரில் இருந்தது, ஏனென்றால் பூட்டு அந்த டிராயருக்குத்தான் இருந்தது. பத்திரம், பிள்ளைகளின் மார்க் ஷீட், அம்மாவின் வைத்தியக் கோப்பு, எல்லாம் கூழ். மெத்தைக்கு அடியில் பெட்டி வைத்த கட்டில் ஒன்று வாங்கியிருந்தோம், பார்ட்டிகிள் போர்டு, தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள் ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. அதற்குள் இருந்த கம்பளி, போர்வை எதுவும் தேறவில்லை. பக்கத்திலேயே நின்ற இரும்பு பீரோவை, கதவைக் கழற்றி, சேறு கழுவி, வெயிலில் காயவைத்து, பெயிண்ட் அடித்து இன்றும் வைத்திருக்கிறோம்.

அதனால் இப்போது எங்கள் வீட்டில் நாலரை அடிக்குக் கீழே காகிதமும் கிடையாது, பட்டும் கிடையாது. கீழ்த்தட்டில் பாத்திரம், செருப்பு, பிளாஸ்டிக் டப்பா, நனைந்தால் கழுவி எடுக்கக்கூடியது மட்டும். பத்திரமெல்லாம் ஜிப் வைத்த ஒரே பையில், கண் மட்டத்துக்கு மேலே ஒரு தட்டில், அதில் வேறு எதுவும் வைக்கக் கூடாது என்று வீட்டில் சட்டம். இருட்டில் கையை நீட்டினால் அந்தப் பை வர வேண்டும். பூட்டு வேண்டுமென்றால் அந்தத் தட்டுக்குப் பூட்டு போடுங்கள்.

மேலேயும் கவனம். 2011 டிசம்பர் 30 தானே புயலில் எங்களுக்குத் தண்ணீர் கீழிருந்து வரவில்லை, ஜன்னல் கண்ணாடி உடைந்து பக்கவாட்டில் வந்தது. ஜன்னலுக்கு மேலே பரண் இருந்தால் அதில் துணி மூட்டையைத் திணிக்காதீர்கள், அண்டாவை ஏற்றுங்கள்.

முத்தியால்பேட்டை

இரும்பு பீரோவுக்கு என் ஓட்டும். அதன் காலுக்கு அடியில் கிரானைட் துண்டு நாலு வைத்து, சுவரிலிருந்து இரண்டு இன்ச் தள்ளி நிறுத்துங்கள், பின்பக்கம் துருப்பிடிப்பது பாதி குறையும். இன்னொன்று, யோசித்துப் பார்த்தால் சிரிப்பாக இருக்கிறது: அலமாரி போர்த்துக்கீசியரிடம் வாங்கிய சொல், பீரோ பிரெஞ்சு, இந்தச் சண்டையில் நம் சொந்தச் சரக்கு பரண் ஒன்றுதான். புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவரிடம் "பீரோவில் புடவை வைத்தேன்" என்று சொல்லிப் பாருங்கள், அவருக்கு அது மேசை, ஆபீஸ்.

கெடிலக்கரை

எல்லாருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதற்கே போயிற்று.

வாடகை வீட்டில் இருக்கிற சாமானை எல்லாம் ஹாலில் இறக்கி, நோட்டுப் போட்டு எண்ணினோம். என் கணவரின் சட்டை 31, அதில் போடுவது 9. என் புடவை எண்ணிக்கையை அவர் எழுதிக்கொண்டார், நான் இங்கே எழுதவில்லை. மாமியாரின் ஸ்டோரிலிருந்து காலி ஹார்லிக்ஸ் பாட்டில் மட்டும் 23 வந்தது. அவரே பார்த்துவிட்டு, "இவ்வளவா வைத்திருந்தேன்?" என்று கேட்டு, பதினைந்தை அவர் கையாலேயே எடுத்து வெளியே வைத்தார். பாதிபீரோ சாருக்கு அந்தப் பதினைந்தும் சமர்ப்பணம்.

இப்போதைக்கு முடிவு இப்படி: வார்ட்ரோப் நடுச்சுவருக்கு மாறுகிறது, ஏழடி, கீல் கதவு, மேலே பரணுக்குக் கதவு. ஸ்டோர் ரூமிலும் சமையல் மேடைக்கு அடியிலும் கடப்பா கல். மாமியாருக்கு ஜெயித்த சந்தோஷம், கணவருக்கு விளக்கு மட்டும் உண்டு. வடக்குச் சுவரில் ஒன்றும் இல்லை, கட்டிலின் தலைமாடு மட்டும், அதுவும் கொஞ்சம் தள்ளி. செங்கல் மேடையைக் கொத்தனாரிடம் சொல்லிவிட்டேன்; முதலில் முறைத்தார், காரணத்தைச் சொன்னதும் "நானே சொல்லலாமென்று இருந்தேன்" என்றார்.

கடைசியாக ஒன்று. மொட்டைமாடிப் படிக்கு அடியில் நல்ல இடம் இருக்கிறது. அதை மூடி கதவு போட்டு, இன்வெர்ட்டர் பேட்டரி, இரண்டு கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை மூன்றையும் அங்கே வைத்துவிடலாம் என்று கணவர் சொல்கிறார். உளிச்சத்தம் அண்ணா, கதவு என்ன பொருளில் போடலாம்?

உளிச்சத்தம்

கதவு பற்றி அப்புறம் பேசலாம், அந்த மூன்றையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும், அது மேலே ஏறும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு பரவிக் கிடக்கும். ஒன்று மேலே, ஒன்று கீழே, நடுவில் இன்வெர்ட்டரின் தீப்பொறி. மூடிய பொந்தில் இது விளையாட்டு இல்லை, அண்ணனிடம் சொல்லுங்கள்.

சிலிண்டர் படிக்கு அடியில் இருக்கட்டும், நிமிர்த்தி வைத்து. கதவு மட்டும் கிரில் கதவாக, கீழே தரை ஒட்டித் திறப்பாக இருக்கட்டும், அலுமினியம் போதும், வெளியில் மழை படுகிற இடத்துக்கு மரமே வேண்டாம். பேட்டரியை ஸ்டோர் ரூமிலும் அடைக்காதீர்கள். பின்பக்கம் ஜன்னல் பக்கத்தில், குழந்தை கை எட்டாத இடத்தில், டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற ஆள் நிற்கிற மாதிரி வையுங்கள். மேலே ஒன்றரை அடி காலியாக இருக்கட்டும், இல்லையென்றால் யாரும் தண்ணீரே பார்க்க மாட்டார்கள்.

அரிசி ஸ்டோர் ரூமுக்குள். தரையிலும் வேண்டாம், சுவர் ஒட்டியும் வேண்டாம். கடப்பா கல்லின் முதல் வரிசையைத் தரையிலிருந்து ஒன்றே கால் அடி உயரத்தில் பதியச் சொல்லி, அதன் மேல் ஒரு மரச்சட்டம் போட்டு மூட்டையை வையுங்கள். மூட்டையைத் தூக்கி ஏற்றப் போவது யார் என்று பார்த்து உயரம் முடிவு செய்யுங்கள். அம்மாதான் என்றால் ஓரடி போதும். டைல்ஸ்காரர் என்றைக்கு வருகிறார்? அதற்கு முதல் நாள் சொன்னால் நான் ஒரு நடை வந்து மேடை அளவைச் சுண்ணாம்பில் கோடு போட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறேன்.